சிவப்பு நூல் கட்டிய கேன்

கேனின் கைப்பிடியில் சிவப்பு நூல் இருந்தால் பெட்ரோலில் ஆயில் கலந்தாயிற்று என்று பொருள். நூல் இல்லையென்றால் வெறும் பெட்ரோல். அந்த வீட்டில் சட்டம் என்று இருந்தது இது ஒன்றுதான். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகலாம், கதவைத் தாழ்போட மறக்கலாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். நூல் விஷயத்தில் மட்டும் யாரும் விளையாடக் கூடாது.

சட்டம் போட்டவர் டெய்லர். கண் மங்கித் தையலை விட்ட பிறகும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். மகன் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாள், மகன் கேனில் ஆயிலை ஊற்றிவிட்டுப் பல் தேய்க்கப் போயிருக்கிறான். அது தெரியாமல் மருமகள் தன் பங்குக்கும் ஊற்றிவிட்டாள். அன்றைக்குப் படகு போன வழியெல்லாம் வெள்ளைப் புகை. கரையில் படுத்திருந்த நாய் எழுந்து தும்மியது. சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் "நீ சொல்லலை", "நீ கேக்கலை" என்று மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தபோது, டெய்லர் தன் தகரப் பெட்டியைத் திறந்து சிவப்பு நூல்கண்டை எடுத்து ஒரு முழம் கத்தரித்தார்.

"ஊத்தினவங்க இதைக் கட்டணும். கேனை எடுத்துட்டுப் போறவங்க அவிழ்க்கணும். இனிமே யாரும் யாரையும் கேக்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம். எனக்கு ராத்திரி தூக்கம் வேணும்" என்றார்.

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்றால், அந்த மோட்டார் அப்படிப்பட்டது. படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார், யாரோ ஓட்டித் தேய்த்ததை மகன் வாங்கி வந்திருந்தான். புதிதாக இருந்தபோது அதற்கு ஆயிலுக்கென்று தனி டப்பாவும், தேவைக்கு ஏற்ப அதைத் தானே உறிஞ்சிக் கொடுக்கிற சின்ன பம்பும் இருந்தனவாம். பம்பு கெட்டுப்போனதும் முந்தின சொந்தக்காரர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டையை அடைத்துவிட்டார். அதனால் ஆயிலைப் பெட்ரோலிலேயே அளந்து கலந்துதான் கொடுக்க வேண்டும். கூடினால் புகையும், பிளக் அடையும், வழியில் நிற்கும். குறைந்தால் அவ்வளவுகூடத் தாங்காது. உள்ளே இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மோட்டார் என்று சொல்ல அங்கே எதுவும் இருக்காது.

தினமும் கெஞ்ச வேண்டியிருந்ததால் மகன் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தான். "மாப்பிள்ளை முறுக்கு இன்னைக்கு ஜாஸ்தி" என்பான், கயிற்றை நாலு தடவை இழுத்தும் கிளம்பாத நாளில்.

காமாலை வந்து மகன் போய்ச் சேர்ந்தான். மாப்பிள்ளை மிச்சம் இருந்தது. மருமகள் படகை எடுத்தாள்.

கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று உண்டு. காலையில் வேலைக்காரர்களை அக்கரைக்குக் கொண்டு விட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டு வர வேண்டும். புருஷன் செய்த ஓட்டம்தான். பட்டறை மேஸ்திரி முதலில் மோவாயைத் தடவினார். பிறகு, "ஓட்டிப் பாரும்மா. நேரத்துக்கு ஆள் வந்து சேரணும், எனக்கு அதுதான்" என்றார். ஓட்டினாள். ஒரு நாளும் நேரம் தவறவில்லை.

அவளுடைய அண்ணனும் அப்படித்தான் ஒத்துக்கொண்டார், அரை மனசாக. துக்கத்துக்கு வந்தவர் போகும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னார்: "உன்னால முடியிற வரைக்கும் ஓட்டு. நான் குறுக்க நிக்கலை. ஆனா என்னைக்கு இந்த மோட்டார் நிக்குதோ, அன்னைக்கு நீ நம்ம வீட்டுக்குக் கிளம்பிடணும். மறுபேச்சு பேசக் கூடாது."

"மாமா?"

"அவருக்கு மக இருக்கால்ல? சம்பந்தி வீட்டுப் பெரியவரைக் கொண்டுபோய் நான் வெச்சுக்க முடியுமா? நமக்கு இருக்கட்டும், அவருக்கே அது கௌரவமா இருக்குமா, சொல்லு."

மகள் வீடு எப்படி என்று டெய்லருக்குத் தெரியும். மகன் இறந்ததும் கொஞ்ச நாள் அங்கே போய் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். எப்படி இருந்தது என்று மருமகள் கேட்டதற்கு, "ஒரு குறையும் இல்லை அம்மாடி. ராஜ உபசாரம். கக்கூஸ் போகணும்னா மட்டும் படுத்திருக்கிற மூணு பேரைத் தாண்டணும். ஒருநாள் மாப்பிள்ளை வயித்துல கால் வெச்சுட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு" என்றார்.

ஆக, மோட்டார் ஓடுகிற வரைக்கும் அந்தக் கூரையின் கீழே இரண்டு பேர். அது நின்றால் ஆளுக்கு ஒரு திசை. இதை அவர்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் அவள் மோட்டாரைப் பார்த்துக்கொண்ட விதத்தில் அது தெரியும்.

சாயங்காலம் கரைக்கு வந்ததும் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, உள்ளே மிச்சம் இருப்பது தீரும் வரை மோட்டாரை ஓட விடுவாள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தங்கினால் காய்ந்து பிசினாகிவிடும். குழாயின் நடுவே இருக்கிற ரப்பர் உருண்டையை அமுக்கிப் பார்ப்பாள். வெடிப்பு விட்டிருந்தால் காற்றை இழுக்கும். ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பாள். தண்ணீர் பிரிக்கிற கிண்ணத்தின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டால் அன்றைக்குப் பெட்ரோல் விற்றவனின் வம்சத்தை ஒரு தடவை மனசுக்குள் விசாரித்துவிட்டு வடிப்பாள். மாதத்துக்கு ஒரு தடவை, மோட்டாரின் தண்ணீருக்குள் இறங்குகிற அடிக்காலில் திருகைத் தளர்த்தி கியர் ஆயிலை விரலில் எடுத்துப் பார்ப்பாள். பால் விட்ட காப்பி மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அவள் கையில் இருந்த வரைக்கும் அது ஒரு நாளும் வெளுக்கவில்லை.

இவ்வளவும் அவள் செய்தாலும் ஆயில் அளப்பது மட்டும் டெய்லர் வேலை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "ஆயுசு முழுக்க அளந்தவன்மா நான். கால் அங்குலம் தப்பினா சட்டை தோள்ல உக்காராது. இதையாவது குடு" என்றார். கொடுத்துவிட்டாள். சமையலறைக்குப் பின்னால் தகரம் இறக்கிய இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, நீல ஆயிலைக் கோடு வரை ஊற்றி, கேனில் கவிழ்த்து, மூடியைத் திருகிக் குலுக்குவார். பிறகு நூல். பித்தான் தைக்கிறவர் போடுகிற முடிச்சு அது. இழுத்தால் இறுகும், நகத்தால் ஒரு தட்டுத் தட்டினால் அவிழும்.

கண் இன்னும் மங்கியது. அவர் சொல்லவில்லை. ஆனால் குவளையை முகத்துக்கு அருகே கொண்டுபோகிறவர், பிறகு மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோனார். பிறகு தூக்குவதையே விட்டுவிட்டு, குவளைக்குள் சுண்டுவிரலை விட்டு ஆயில் எந்த ரேகை வரை நனைக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். பார்க்கவில்லை என்பதுபோல அவள் திரும்பிக்கொண்டாள்.

கலந்த பெட்ரோலுக்கு ஒரு நிறம் உண்டு. மெலிதாக, மயில் கழுத்தை நிறையத் தண்ணீரில் கரைத்த மாதிரி. ஒரு நாள் காலை கேனைப் படகின் டேங்கில் சாய்த்தபோது அந்த நிறம் போதவில்லை என்று அவளுக்குப் பட்டது. முகத்துக்கு நேரே போய், "மாமா, அளவு தப்புது, நீங்க விட்டுடுங்க" என்று எப்படிச் சொல்வது? மகனைப் பறிகொடுத்தவர், கண்ணைப் பறிகொடுத்தவர், மிச்சம் இருப்பது அந்தக் குவளைதான். அதையும் பிடுங்கினால் அந்த மனுஷன் நாள் முழுக்க எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்?

அவள் சொல்லவில்லை. கடையில் இன்னொரு பாட்டில் ஆயில் வாங்கி, படகின் முன்முனைப் பலகைக்கு அடியில் சாக்கைச் சுற்றி ஒளித்து வைத்தாள். காலையில் கேனைச் சாய்த்து நிறம் பார்ப்பாள். வெளிறியிருந்தால் தன் பாட்டிலிலிருந்து கொஞ்சம் விடுவாள். விடியாத வெளிச்சத்தில் நிறம் சரியாகத் தெரியாது. இருக்கட்டும் என்று ஒரு மடக்குக் கூடவே விடுவாள்.

அவள் அப்படி விட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டில் டெய்லரும் தன் கண்ணை நம்பாமல், இருக்கட்டும் என்று ஒரு மடக்குக் கூட விட்டுக்கொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரியாது.

படகு புகைந்தது.

"அக்கா, கொசு மருந்து வண்டிக்கு டிக்கெட் தனியா?" என்றான் வெல்டர். படகில் வருகிறவர்களில் வாய் ஓயாதவன் அவன். கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு கப்பலை ஒட்டுகிறவன், அன்று புகைக்காகப் படகிலேயே மாட்டிக்கொண்டான்.

"இலவசம். கொசு நீ ஒருத்தன்தானே, உனக்காகத்தான் அடிக்கிறேன்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மனசுக்குள் பிளக்கை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெல்டர் சும்மா இருக்கக் கூடாதா? சாயங்காலம் வீட்டைத் தாண்டிப் போகும்போது வாசலில் இருந்த பெரியவரிடமும் நின்று சொல்லிவிட்டுப் போனான். "டெய்லரே, உங்க மருமக புண்ணியத்துல கழிமுகத்துல ஒரு கொசு இல்லை." டெய்லர் அவன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். அவன் போன பிறகும் அந்தச் சிரிப்பை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் பிளக் அடைந்து மோட்டார் நடுவழியில் நின்றது. அவள் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி கிளப்புவதற்குள் பட்டறைச் சங்கு ஊதிவிட்டது. மேஸ்திரி கரையிலேயே நின்றார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பெரிய படகுக்காரர் இந்த ஓட்டத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கார்மா. நான்தான் உனக்காகப் பேசாம இருக்கேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எனக்கும் மேல ஆள் இருக்கு."

"இனிமே ஆகாது சார்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தாள். அடைந்த பிளக் ஈரமாக, கறுப்பாக இருந்தது. அது ஆயில் கூடிப்போனதன் அடையாளம், குறைந்ததன் அடையாளம் இல்லை. அப்படியென்றால் அவர் கை சரியாகத்தான் இருக்கிறது. சந்தேகப்பட்டு மேலே மேலே ஊற்றிக் கெடுத்தது நான்தான். அந்த மனுஷன் விரல் ரேகையை வைத்தே கால் அங்குலம் தப்பாமல் அளக்கிறார். நான் திருடி மாதிரி அவர் முதுகுக்குப் பின்னால் பாட்டிலைத் திறக்கிறேன். நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் பட்டறைக்கு விடுமுறை. காலையிலிருந்து மோட்டாரோடு உட்கார்ந்தாள். டேங்கைக் கழற்றி, மிச்சம் இருந்த பழைய பெட்ரோலைக் கடைசிச் சொட்டு வரை வடித்தாள். உள்ளே சிறிது பெட்ரோல் விட்டு அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள். குழாய், ஃபில்டர், கிண்ணம், கார்புரேட்டர் எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்தாள். பிளக் புதிது போட்டாள். துடைக்கத் துடைக்க மாப்பிள்ளை பளபளவென்று வந்தது.

"என்ன, இன்னைக்கு மாப்பிள்ளைக்கு நலுங்கா?" என்றார் டெய்லர், பெட்ரோல் வாசனை வந்த திசையைப் பார்த்து.

"ஆமா மாமா. நாளையிலேர்ந்து ஒழுங்கா இருக்கணும்ல."

"இருக்கும்" என்றார் அவர். "நாளைக்குப் புகையாது, பாரு."

அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. சாயங்காலம் படகுக்குப் போய், சாக்கில் சுற்றிய பாட்டிலை எடுத்து, பக்கத்தில் படகு கட்டியிருந்த வலைக்காரரிடம் கொடுத்துவிட்டாள். "எனக்கு எதுக்குமா?" என்றார் அவர். "வெச்சுக்கங்கண்ணே, எங்க வீட்டுல அளந்து கொடுக்க ஆள் இருக்கு" என்றாள்.

காலையில் தூறல். முக்காலி பக்கத்தில் கேன் தயாராக இருந்தது. கைப்பிடியில் சிவப்பு நூல், அதே முடிச்சு. நகத்தால் தட்டி அவிழ்த்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். படகில் டேங்கின் வாயைத் திறந்து, மழை உள்ளே விழாமல் குனிந்து முதுகால் மறைத்துக்கொண்டு, பாதிக் கேனைச் சாய்த்தாள். நிறம் பார்க்கக் கூடாது என்று முகத்தை வேண்டுமென்றே தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பார்த்தால் மறுபடி சந்தேகம் வரும். சந்தேகப்பட்டது போதும்.

மாப்பிள்ளை முதல் இழுப்பிலேயே கிளம்பியது. புகை பொட்டுக்கூட இல்லை.

"அக்கா, இன்னைக்கு என்ன, மோட்டார் விரதமா? மூச்சு விடலையே" என்றான் வெல்டர்.

"உனக்கு எப்படி இருந்தாலும் குத்தம்தான்" என்றாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தூறலில் நனைந்துகொண்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எல்லோரும் குறுகி உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் தெளிவாக, உருண்டையாகக் கேட்டது. வேகத்தைக் கூட்டினாள்.

நடுக்கழிக்கு வந்தபோது அந்தச் சத்தம் மாறியது. முதலில் கொஞ்சம் மெலிந்தது. தொண்டை வறண்ட ஆள் பேசுகிற மாதிரி. பிறகு கீச்சென்று ஏறியது. அவள் கை வேகத்தைக் குறைப்பதற்குள், உள்ளே யாரோ பல்லைக் கடித்த மாதிரி ஒரு சத்தம். நின்றுவிட்டது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. கிளம்பாத மோட்டாரின் கயிறு கையோடு வந்து திரும்பப் போகும். இது சுவரில் அறைந்த ஆணியைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. வெல்டர் எழுந்து வந்து தானும் இழுத்துப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

அவள் கேனை எடுத்து மூடியைத் திறந்து, உள்ளங்கையைக் குழித்துக் கொஞ்சம் விட்டாள். நிறமே இல்லை. கையில் இருப்பது பெட்ரோலா மழைத்தண்ணீரா என்று மூக்கு சொல்லித்தான் தெரிய வேண்டும். இரண்டு விரலால் தேய்த்தாள். வழுக்கவில்லை; சில்லென்று காய்ந்து போயிற்று. மணிக்கட்டில் நூல் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பெரிய படகு வந்து கட்டி இழுத்துப் போனது. அதன் சொந்தக்காரர் நல்ல மனுஷர்தான். கயிற்றை வீசும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் வீசினார். அக்கரையில் வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். சாயங்காலம் அவர்கள் பெரிய படகில் ஏறினார்கள். வெல்டர் கடைசியாக ஏறினான். அவளிடம் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, முடியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

படகை இக்கரைக்கு இழுத்து வந்ததும் மெக்கானிக் மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றி, பிளக் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். அவளையும் பார்க்கச் சொன்னார். அவள் பார்க்கவில்லை.

"பிஸ்டன் ஒட்டிக்கிச்சு. சுவர் முழுக்கக் கீறல். இதை மாத்துறதுக்கு வேற மோட்டாரே வாங்கிடலாம்" என்றார். டார்ச்சை அணைத்துவிட்டு, "வெறும் பெட்ரோல்ல ஓட்டினியாம்மா? நீயா?" என்று கேட்டார். அந்த 'நீயா'தான் அவளைக் குத்தியது.

"கார்புரேட்டரும் அடிக்காலும் நல்லா வெச்சிருக்கே. கழட்டி வித்துக்கலாம். நாளைக்குக் காலையில ஆள் அனுப்புறேன், தூக்கிட்டு வரட்டும். உள்ள இருக்கிற பெட்ரோலை மட்டும் சுத்தமா வடிச்சு வெச்சிரு. வண்டியில ஏத்துறப்ப சிந்தக் கூடாது."

வெல்டரும் வலைக்காரரும் கூடப் பிடித்து மோட்டாரைத் தூக்கிவந்து, தகரத்துக்கு அடியில் கட்டையில் சாய்த்துவிட்டுப் போனார்கள். டெய்லர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் காலடிச் சத்தம் போதும். மோட்டார் இந்த நேரத்தில் வீட்டுக்கு வருகிறதென்றால் என்ன என்று தெரியாதவர் இல்லை.

வழியெல்லாம் அவள் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே வந்திருந்தாள். அவரை விட்டுக்கொடுக்கக் கூடாது. இனிமேல் கொடுக்கவோ எடுக்கவோ ஒன்றுமில்லாத வீட்டில், பழியையாவது அவர் தலையில் ஏற்றாமல் இருக்கலாம்.

"தண்ணி பூந்துடுச்சு மாமா. நேத்து டேங்கைக் கழுவினேன்ல, சரியாக் காயாம மாட்டிட்டேன் போல. என் தப்புதான்."

டெய்லர் சுவரைத் தடவிக்கொண்டே வந்து, அவள் கீழே வைத்த கேனைக் காலால் தேடிக் கண்டுபிடித்துக் குனிந்தார். மிச்சம் இருந்ததை அவள் வழியிலேயே கொட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை. மூடியைத் திறந்து விரலை விட்டார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். துணியின் ரகம் பார்க்கிறவர் போல, நிதானமாக, இரண்டு தடவை.

"நீ ஊத்தலியா?" என்றார்.

"என்னத்தை மாமா?"

"உன் பாட்டில்லேர்ந்து."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆயில் கடைக்காரர் சொன்னார்மா. மருமக தனியா ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போறாளே, வீட்டுல ரெண்டு மோட்டாரான்னு கேட்டார். ஆமான்னுட்டேன்." முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அப்பத்தான் புரிஞ்சுச்சு. நான் தப்பா ஊத்துறேன், நீ கலரைப் பார்த்துச் சரி பண்றே. என்கிட்டச் சொல்ல மனசு வரலை உனக்கு. சரி, ரெண்டு கை ஊத்துறதாலதானே புகையுது, பிளக் அடையுது. நான் நிறுத்திட்டா, கலரே இல்லைன்னு பார்த்து நீ முழுசா ஊத்திடுவே. உன் கண்ணு நல்ல கண்ணு. அளவு சரியா இருக்கும்னு..."

"நூல் இருந்துச்சே மாமா" என்றாள். குரல் உயரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "ஊத்தாம நூல் ஏன் கட்டினீங்க?"

"கட்டலைன்னா உனக்குத் தெரிஞ்சுடுமே. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு."

அவள் மோட்டார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தன் பாட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டதைச் சொன்னாள். ஏன் கொடுத்தாள் என்பதையும் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இரண்டு பேருமே அழவில்லை. அழுவதற்கு யார் மேலாவது கொஞ்சம் கோபம் வேண்டும். அங்கே அதற்கு ஆளே இல்லை.

அண்ணனுக்குத் தகவல் எப்படியோ போயிருந்தது. போன் வந்தது. அவர் திட்டவில்லை. "நாளைக்கு வண்டி எடுத்துட்டு வரேன். துணிமணியை மட்டும் எடுத்து வை" என்றார். நாத்தனாரும் அழைத்தாள். அப்பாவின் தையல் மிஷினுக்கு இடம் இல்லை என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் அவளே அழுதுவிட்டாள். "பரவாயில்லம்மா, அது எதுக்கு, நூல் கோக்கவே எனக்கு ஆள் வேணும்" என்றார் டெய்லர். போனை வைத்த பிறகு, "அங்க புது ஃபேன் மாட்டியிருக்காங்களாம்" என்று மருமகளிடம் சொன்னார். அவள் "நல்லது மாமா" என்றாள்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தகரத்துக்கு அடியில் வெளிச்சம் போதவில்லை. பெட்ரோலை வடிக்க வேண்டிய வேலை பாக்கி இருந்தது. அவள் ஸ்பேனரையும் ஒரு பழைய டப்பாவையும் எடுத்துக்கொண்டு கார்புரேட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். குழாயைப் பிடுங்கினாள். கிண்ணத்தின் அடித் திருகைத் தேடினாள்.

"நான் விளக்குப் பிடிக்கிறேன்" என்றார் டெய்லர். அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் டார்ச்சைத் தடவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்து, மிகவும் கவனமாக நீட்டினார். வெளிச்சம் மோட்டாரைத் தாண்டிச் சுவரில், மாட்டியிருந்த பழைய மழைக்கோட்டின் மேல் விழுந்தது. மகனுடைய கோட்டு. கை துளிகூட அசையாமல் அவர் அதற்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் இருட்டிலேயே திருகைத் தடவினாள். ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கியது. விரல் முட்டியில் தோல் போயிற்று.

"தெரியுதா அம்மாடி?"

ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"இல்லை மாமா" என்றாள். "தெரியலை. கொஞ்சம் இடது பக்கம் காட்டுங்க. இன்னும் கீழ. இன்னும் கொஞ்சம்."

வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கி, தரையில் ஊர்ந்து, அவள் கைக்கு வந்தது. திருகு பளிச்சென்று தெரிந்தது. அதை ஒரே திருப்பில் தளர்த்தினாள். டப்பாவில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது, தண்ணீர் மாதிரித் தெளிவாக.

"இப்போ?" என்றார்.

"இப்ப சரியா இருக்கு மாமா. அப்படியே பிடிங்க."

கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் அவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.